விளக்கில்லாத தெருவில் ஒரு சரவெடி

என் அருமை நரசிக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நீ இருந்தபோது நான் உனக்கு எழுதியதெல்லாம் தபால் அட்டைதான். நலம், நலமறிய ஆவல், முடிந்தால் அடுத்த மாதம் மேல்கோட்டை வருகிறேன். அதற்கு மேல் எழுத அட்டையில் இடமில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்வேன். இன்று பட்டறைக்கு விடுமுறை. முழுத்தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். தபால்காரர் கொண்டுபோக முடியாத கடிதம் என்றதும் கை தானாக ஓடுகிறது. என் வீரம் எப்போதும் இப்படித்தான், உனக்குத் தெரியாததா?

முதலில் வீட்டுச் சேதி. அப்பா ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது நாள் முழுதும் வீட்டில் இருந்துகொண்டு எங்கள் எல்லோருக்கும் மேஸ்திரி வேலை பார்க்கிறார். அம்மா சுகம். உன் சேதி வந்த அன்று அவள் உலை வைக்கவில்லை. சரோஜாவை உனக்கு நினைவிருக்கும். நாம் ஹைஸ்கூலில் இருந்தபோது மூக்கொழுக என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, அந்தத் தங்கைதான். பதினாலு வயது முடிந்து, தாவணி போட்டுக்கொண்டு, எனக்கே புத்தி சொல்கிறாள். இந்தக் கடிதத்துக்குக் காரணமே அவள்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் பள்ளியிலிருந்து வந்தவள் பையை வைத்துவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். வாயைக் கிளறியதில் விஷயம் வெளியே வந்தது. வகுப்பில் குண்டலுபேட்டையிலிருந்து வந்த பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். சரோஜாவின் கூட்டாளிகள் ஐந்து பேரும் அவளோடு ‘டூ’ விட்டிருக்கிறார்கள். யாரும் பேசக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது. காரணம் என்னவென்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

“உனக்கு அவ மேல கோபமா?” என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. நல்ல பொண்ணுதான்.”

“பின்னே பேசேன்.”

“எல்லாரும் பேசாம இருக்கறப்ப நான் மட்டும் எப்படிப் பேசறது? அப்புறம் எங்கூட யாரு பேசுவா?”

நினைத்துப் பார், நரசி. இருபத்தேழு வயது ஆள், பட்டறையில் எட்டுப் பேரை வேலை வாங்குகிறவன், ஒரு சின்னப் பெண் முன்னால் திருதிருவென்று விழித்தேன். என் கண்முன் நீ நின்றாய். பதினாறு வயதில், கையில் தீப்பெட்டியோடு.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேனே என்று நினைக்காதே. இந்தக் கதையை உன்னிடம் நான் ஒரு தடவைகூட முழுசாகச் சொன்னதில்லை. நாம் நாலு பேர். நீ, நான், மளிகைக்கடை வீட்டுப் புட்டராஜு, அரண்மனை யானைப்பாகர் மகன் மாதேவன். புட்டராஜுவும் மாதேவனும் கன்னடக்காரர்கள், ஆனால் நம்மோடு பேசிப் பேசித் தமிழைக் கன்னடத்தில் குழைத்து ஒரு பாஷை வைத்திருந்தார்கள். நாலு பேரில் கணக்கு வருவது உனக்கு மட்டும்தான். நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் பாலமாக வரைந்து வைப்பாய். கண்ணம்பாடி அணைக்குப் போனபோது நாங்கள் தண்ணீரில் ஆடினோம், நீ மதகுகளை எண்ணிக்கொண்டிருந்தாய். இன்ஜினீயர் ஆகப் போகிறேன் என்று சொன்னாய். நாங்களும் நம்பினோம்.

அது சுதந்திரம் வந்து இரண்டாவது தீபாவளி. உங்கள் தெருவில் மேல்கோட்டை வழி வந்த ஐயங்கார் வீடுகள் ஒரே வரிசையில் எட்டு இருந்தன. ஊரெல்லாம் நரக சதுர்த்தசிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, வெடி வெடிக்கும்போது உங்கள் வரிசையில் மட்டும் ஒரு அகல்கூட எரியாது. பல தலைமுறைக்கு முன் அதே நாளில் உங்கள் முன்னோர் பலர் கொல்லப்பட்டார்கள் என்று உங்கள் வீடுகளில் சொல்லி வந்தார்கள். அதனால் உங்களுக்கு அது துக்க நாள். நாம் சிநேகமான முதல் வருஷமே இதை நீ சொல்லியிருந்தாய். நாங்களும் கேட்டுக்கொண்டு அதோடு விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு தீபாவளி அன்று உன்னை யாரும் கூப்பிட்டதே இல்லை.

அந்த வருஷம் மட்டும் ஏன் கூப்பிட்டோம்? கூப்பிட்டோம் என்று எல்லோரையும் சேர்த்து எழுதுவது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. ஆரம்பித்தது நான்.

“இந்த வருஷம் நரசி ஒரு சரமாவது கொளுத்தணும்டா. இல்லேன்னா அவன் நம்ம கூட்டாளியே இல்ல.” பள்ளி மைதானத்தில் வைத்து இதைச் சொன்னேன். நீ சிரித்தாய். “எங்காத்துலே வழக்கமில்லேடா” என்றாய். அவ்வளவு லேசாக நீ மறுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் பந்து விளையாடும்போது, “அவனுக்குப் பந்து போடாதீங்க” என்று சொன்னேன். புட்டராஜு என்னைப் பார்த்தான், மாதேவனைப் பார்த்தான், பிறகு பந்தை மாதேவனுக்கே போட்டான். நாலு நாள் அப்படியே நடந்தது. மைதானத்துக்கு வெளியே போன பந்தை நீதான் ஓடிப்போய் எடுத்து வந்து வீசினாய். உனக்கு ஒரு தடவையும் திரும்பி வரவில்லை. பெஞ்சில் உன் இடத்தில் என் பையை வைத்தேன். ஏரிக்கரையில் கடலைக்காய் வாங்கினால் மூன்று பங்காகப் பிரித்தோம். யாரும் உன்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. வாத்தியாரிடம் போய்ச் சொல்லக்கூட உனக்கு ஒன்றும் இல்லாதபடி செய்தோம்.

நாலாம் நாள் நீ வந்து, “சரிடா, ஒரே ஒரு சரம்” என்றாய். அதோடு விட்டேனா? “உங்க தெருவிலேயே கொளுத்தணும்” என்றேன்.

ஏன் என்று உனக்கு நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. அம்மா ஊருக்கு வெளியே க்ஷய ஆஸ்பத்திரியில் இருந்தாள். உங்களிடமெல்லாம் சேலத்துக்குப் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் க்ஷயம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தள்ளி வைப்பார். தெரிந்தால் என் தட்டில் யார் கை வைப்பார்கள், என் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு, நாலு பேர் பார்க்காத நிறுத்தமாகப் பார்த்துப் பஸ் ஏறுவேன். தீபாவளி நெருங்க நெருங்க, புதுச்சட்டை எங்கே, உங்கம்மா எப்போது வருவாள் என்று புட்டராஜு கேட்க ஆரம்பித்தான். எல்லோரும் பார்க்க இன்னொருத்தன் வேண்டியிருந்தது எனக்கு. நீ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாய்.

நரக சதுர்த்தசி அன்று சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம். பக்கத்துத் தெருவெல்லாம் அகல் வரிசை. உங்கள் தெரு மட்டும் மங்கலாகக் கிடந்தது. வாசலில் நீர் தெளித்திருந்தார்கள், கோலம் இல்லை. தெருமுனையில் இடிந்த மதிற்சுவருக்குப் பக்கத்தில் நாம் நாலு பேரும் நின்றோம். புட்டராஜு கொண்டுவந்த சரத்தை உன் கையில் வைத்தான். நீ அதை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

“கொளுத்தோ, பேக கொளுத்தோ” என்று அவசரப்படுத்தினான் மாதேவன்.

நீ என்னைப் பார்த்தாய். “தங்கா, வேண்டாண்டா. இன்னிக்கு ஆத்துலே எல்லாரும் துக்கமா இருப்பா.”

நான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். “வீட்டுல தீபாவளி இல்லாதவனெல்லாம் பயந்தாங்கொள்ளிடா.”

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நீ என் முகத்தை நேராகப் பார்த்தாய். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். பிறகு மூடிக்கொண்டாய். தெருவின் நடுவுக்குப் போய், குனிந்து, குச்சியைக் கிழித்தாய்.

சரம் வெடித்து முடிய எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். எட்டு வீட்டுக் கதவும் ஒவ்வொன்றாகத் திறந்தது. ஒருவரும் கூச்சல் போடவில்லை. நாங்கள் மூன்று பேரும் அதற்குள் சுவருக்குப் பின்னால் போய்விட்டோம். உன் அப்பா வெளியே வந்து, கடைசி வெடி ஓயும் வரைக்கும் நின்றார்.

“யாரு?”

“நான்தான்ப்பா.”

“வேற யாரு?”

“வேற யாருமில்லே.”

சுவருக்குப் பின்னாலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு எட்டு வைத்தால் உன் பக்கத்தில் வந்திருக்கலாம். நான் மாதேவனைப் பார்த்தேன், மாதேவன் புட்டராஜுவைப் பார்த்தான். உன் அப்பா உன்னை அடிக்கவில்லை. உள்ளே போய்த் துடைப்பம் எடுத்து வந்து, தன் கையாலேயே அந்தச் சிவப்புக் காகிதத்தையெல்லாம் பெருக்க ஆரம்பித்தார். நீ உட்கார்ந்து கையால் பொறுக்கினாய். ஒவ்வொரு வாசல் முன்னாலும் போய்ப் பொறுக்கினாய்.

இரண்டு வாரத்தில் உன்னை மேல்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். சித்தப்பா வீட்டில் இருந்து சம்ஸ்கிருத பாடசாலையில் படிக்க. இந்த ஊரில் இருந்தால் பிள்ளை கெட்டுவிடுவான் என்று உன் அப்பா முடிவு செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் பார்த்தது அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுத நாங்கள் மூன்று பேர் போனோம். உன் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தான்.

பிறகு நான் மேல்கோட்டைக்கு எத்தனை தடவை வந்தேன்? ஐந்து இருக்குமா? ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் மன்னிப்பை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருவேன். உன்னைப் பார்த்ததும் பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசுவேன். நீ புளியோதரை வாங்கிக் கொடுப்பாய், கல்யாணி குளத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நீ பஞ்சாங்கம் கணிக்கக் கற்றுக்கொண்டிருந்தாய். அடுத்த கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிக்கும் என்று ஒரு பழைய தபால் உறையின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினாய். “கணக்கு எங்கே இருந்தாலும் கணக்குதாண்டா” என்றாய். அது நிஜமா, அல்லது எனக்காகச் சொன்னதா? அந்த உறையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பாலம் வரைந்திருந்தது. அதற்கு அப்புறம் எனக்குப் புளியோதரை இறங்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வந்தோம். கூடத்து ஓரத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். உன் மனைவி உள்ளே இருந்தாள், அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உன்னோடு இருக்க மேல்கோட்டைக்கே வந்துவிட்ட உன் அப்பா ரொம்பத் தளர்ந்துவிட்டார். எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்து, யாரிடம் என்று இல்லாமல் பேசினார்.

“தங்கமான பிள்ளை. ஒரு நாள் எதிர்த்துப் பேசினதில்லே. அந்த ஒரு தீபாவளி மட்டும் ஏன் அப்படிப் பண்ணினான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியலே. கேட்டா, தோணித்து பண்ணினேன்னான். அவனுக்கா அப்படித் தோணும்? நான் எங்கே தப்பு விட்டேன்னு யோசிச்சிண்டே இருக்கேன்.”

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வருமா? புட்டராஜு தரையைப் பார்த்தான். மாதேவன் தூணைப் பார்த்தான். அவர்கள் வாயைத் திறக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள் என்று இப்போது தெரிகிறது. மூன்று பேருக்கும் மீசை இருந்தது, சம்பளம் இருந்தது. மறுபடியும் அதே சுவருக்குப் பின்னால்தான் நின்றோம். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது, நரசி.

கிளம்பும்போது உன் அம்மா வாசல் வரைக்கும் வந்தாள். “தங்கவேலு, உங்கம்மா சௌக்கியமா? மறுபடி இருமல் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டாள்.

செருப்பில் காலை நுழைத்தவன் அப்படியே திரும்பினேன். “உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“தெரியாம என்ன? நீ தூக்கை எடுத்துண்டு ஆஸ்பத்திரி பஸ்லே ஏறினதை நரசி பார்த்துட்டு வந்து சொன்னான். அந்த வருஷம் கிருஷ்ண ஜயந்திக்கு முறுக்கு சுத்திண்டிருந்தேன், நன்னா ஞாபகம் இருக்கு. ‘அம்மா, யார்கிட்டேயும் மூச்சு விடாதே, தங்கா வெட்கப்படுவான். பெருமாளை மட்டும் வேண்டிக்கோ’ன்னான். தினம் வேண்டிண்டேன். நீயும் எனக்கு ஒரு பிள்ளைதானே.”

கிருஷ்ண ஜயந்தி. தீபாவளிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் முந்தி. நான் சுவர் ஓரமாக நின்று, வீட்டில் தீபாவளி இல்லாதவனெல்லாம் பயந்தாங்கொள்ளி என்று சொன்னபோது உனக்கு எல்லாம் தெரியும். “உங்க வீட்டுல மட்டும் இருக்கா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அத்தனை பேரும் என் பக்கம் திரும்பியிருப்பார்கள். நீ சரத்தைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், பரீட்சை எழுதியிருக்கலாம், பாலம் கட்டியிருக்கலாம். அதற்குத்தானே வாயைத் திறந்தாய்? ஏன் மூடிக்கொண்டாய்?

திரும்பி வரும் பஸ்ஸில் புட்டராஜுதான் முதலில் பேசினான். “எனக்கு அன்னிக்கு மனசே இல்ல கணோ. நீங்க ரெண்டு பேரும் ஆசைப்பட்டீங்க, அதுனால சரம் எடுத்துட்டு வந்தேன்.” மாதேவன் அவனைத் திரும்பிப் பார்த்து, “நீ ஆசைப்பட்டேன்னுதானே நான் சும்மா இருந்தேன்” என்றான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலு பேரில் என்னைத் தவிர ஒருத்தனுக்கும் இஷ்டமில்லாத காரியத்தை நாலு பேரும் சேர்ந்து செய்திருக்கிறோம். அதில் உனக்கு மட்டும்தான் தண்டனை.

சரோஜா அன்று கேட்ட கேள்விக்கு விழித்தேன் என்றேன் அல்லவா? அதனால் அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததிலிருந்து, பஸ் ஜன்னல் வரைக்கும். அவள் அழவில்லை. “அந்தப் பெரியவருக்கு இன்னும் தெரியாதா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அவள் போய் அந்தக் குண்டலுபேட்டைப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்காதே. இப்போது அந்த ஐந்து பேரும் இவளோடும் ‘டூ’. சாயங்காலம் வீட்டுக்கு வந்து விக்கி விக்கி அழுதாள். சும்மா இருந்தவளைக் கிளப்பிவிட்டோமோ என்று அப்பாவிடம்கூடக் கேட்டேன். ஆனால் மறுநாளும் அங்கேயேதான் போய் உட்கார்ந்தாள். பதினாலு வயது. நேற்று தலை வாரிக்கொண்டே, ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள். “நான் போய் உக்காந்துட்டேன். நீ எப்பண்ணா போகப் போற?”

தீபாவளிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. நரக சதுர்த்தசி அன்று காலை முதல் பஸ்ஸில் மேல்கோட்டைக்கு வருகிறேன். புட்டராஜுவையும் மாதேவனையும் கூப்பிடப் போவதில்லை. கூப்பிட்டால் மறுபடியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவோம். எண்ணெய் தேய்க்காமல், பழைய சட்டையோடு, தனியாக வருவேன். உன் அப்பா எதிரில் தரையில் உட்காருவேன். அவர் என்னை எழுந்து போகச் சொல்லலாம். உன் அம்மா இனிமேல் என்னைப் பிள்ளை என்று சொல்லாமல் போகலாம். ஆனால் தான் எங்கே தப்பு விட்டோம் என்று அவர் இனி ஒரு நாளும் யோசிக்கக் கூடாது.

“வேற யாரு?” என்று பதினொரு வருஷத்துக்கு முன் அவர் கேட்டார். அதற்கு நீ பொய் சொன்னாய். நிஜமான பதிலை நான் கொண்டு வருகிறேன். “நான்தான், ஸ்வாமி.” இது சத்தியம், நரசி.

உன் அம்மா அன்றுவரைக்குமாவது தன் பிள்ளை என்று நம்பிக்கொண்டிருக்கும்,
தங்கவேலு